நான் திருத்திய மரப்பெண்

உன் ஓவியத்தில் நான் போட்ட சிவப்பு வட்டங்கள் இன்னும் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில், உன் வீட்டு ஹாலில், உன் மகள் சுருளைப் பிரித்தபோது பார்த்தேன். நீ அவற்றை அழிக்க முயன்ற தடம்கூட இல்லை. முதலில் எரிச்சல்தான் வந்தது. நீ போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உன்மேல் எரிச்சல்படுகிறேன் பார்.

கைலாசபுரம் தொழிற்சாலையில் நாம் ஒரே டிராயிங் ஆபீசில் இருந்தோம். நீ இயந்திர பாகங்களை வரைவாய். நான் அளவுகளைச் சரிபார்த்து, தப்பு இருந்தால் சிவப்பு பென்சிலால் வட்டம் போடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஓவியர்கள். என் நீர்வண்ணக் கொள்ளிடத்தைக் கம்பெனி குவார்ட்டர்ஸே புகழும். உன் படங்களைப் பார்த்தால் உனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். "எக்ஸ்பிரஷனிசம்டா. கண்ணுக்குத் தெரியறதை இல்ல, உள்ள இருக்கறதைப் போடறது" என்பாய். புகழ் எனக்கு, கேள்வி உனக்கு; அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு மெயின்கார்டு கேட் பழைய புத்தகக் கடையில் ஆப்பிரிக்க மரச்சிற்பங்களின் படப் புத்தகம் ஒன்று உனக்குக் கிடைத்தது. அதில் முழங்கால் மடக்கி, வயிற்றில் கை வைத்து நிற்கும் ஒரு பெண். அவளைக் கரித்துண்டால் மூன்று வாரம் வரைந்தாய். தலையைப் பெரிதாக்கினாய், கழுத்தை இழுத்தாய், கண்களை வெறும் பள்ளங்களாக்கினாய். சிற்பத்தில் அமைதியாக நின்றவள் உன் தாளில் கத்தப் போகிறவள்போல் இருந்தாள். "சென்னைக் கண்காட்சிக்கு அனுப்பலாமாடா? நீ சரின்னா அனுப்பறேன்" என்றாய்.

எனக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷம் ஆற்றை வரைந்தும் என் தாளில் துளி ஈரமில்லை என்பது அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. டிவைடரை எடுத்துப் புத்தகத்துப் படத்தை அளந்தேன், உன் படத்தையும் அளந்தேன். "தலை ஒன்னரை மடங்கு ஜாஸ்தி. கழுத்து தப்பு. இடது கண்ணு இறங்கியிருக்கு" என்று, ஏதோ வால்வு படம்போல வட்டம் வட்டமாகப் போட்டேன். நீ வாதாடவில்லை. "சரிடா" என்று சுருட்டிவிட்டாய். அந்த வருஷம் என் கொள்ளிடம் மட்டும் சென்னைக்குப் போனது.

இப்போது உன் மகள் உன் படங்களைக் கண்காட்சியாக வைக்கப் போகிறாள். "எதை நடுவுல மாட்டலாம், நீங்களே சொல்லுங்க அங்கிள்" என்றாள். என் கை என்னைக் கேட்காமலே மரப்பெண்ணை எடுத்து மற்ற படங்களுக்கு அடியில் வைத்தது. செத்தவனிடம்கூடப் பொறாமை. வெட்கமாகிவிட்டது. உருவி வெளியே எடுத்தேன்.

"இதுதாம்மா. அன்னைக்கு உங்கப்பாகிட்ட இதுல தப்பு இருக்குன்னு பொய் சொன்னேன். பொறாமைல சொன்னேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை.

"அப்பாவுக்குத் தெரியும் அங்கிள். டிவைடர் பிடிச்ச உங்க கை நடுங்குச்சாம். அதைப் பார்த்துத்தான் படம் நல்லா வந்திருக்குன்னு நம்பினேன்னு சொல்லுவாங்க."

"தெரிஞ்சும் ஏம்மா அனுப்பல?"

கொஞ்சம் தயங்கினாள். "நீங்க அப்பதான் முதல் தடவையா அனுப்பினீங்களாம். பக்கத்துல இதையும் மாட்டினா உங்க படத்தை யாரும் பார்க்க மாட்டாங்கன்னுதான் அப்பா அனுப்பல."



உன் கோடு எனக்கு வராது என்பது எனக்குப் பழகிவிட்டது. உன் மனசும் வராது என்பதை இனிமேல்தான் சுமந்து பழக வேண்டும். அதற்கும் வயிறு எரிகிறதடா.