சீந்தில் கஷாயமும் உனக்குக் கொடுத்த வாக்கும்

சொன்ன பேச்சைக் கேட்காத என் செல்லத் தம்பி சேகருக்கு,

மார்கழி பிறந்துவிட்டதடா. விடிந்து வெகுநேரமாகியும் எதிர் குவார்ட்டர்ஸ் தெரியவில்லை. பனியும் மைன்ஸ் பக்கத்துத் தூசியும் சேர்ந்து வாசல் வேப்பமரத்தில் கறுப்பாகப் படிந்து கிடக்கிறது. முந்தாநாள் கேன்டீன் வேலைக்குக் கிளம்பும்போது பழக்கதோஷத்தில், "மூஞ்சிய மூடிக்கினு கடைக்குப் போடா" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் உறைத்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் போய்விட்டது.

உன்னிடம் ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல சேதி இல்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கு வாங்கினாயே, அதை உடைத்துவிட்டேன். கோபப்படாதே. கோபப்பட்டாலும் இனி என்னடா செய்துவிடப்போகிறாய்?

பனிக்காலம் வந்தால் உடம்பில் எதிர்ப்பு சக்தியை ஏற்று, ஏற்று என்று ஊரே சொல்கிறது. நமக்கு மட்டும் நேர்மாறு. என் கிட்னியை உனக்கு வைத்த பிறகு டாக்டர் நம் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாரே. "உடம்புல ஒரு காவல்காரன் இருக்கான். அக்காவோட கிட்னிய வெளியாளுன்னு நெனச்சு அடிப்பான். மாத்திரை குடுத்து அவனத் தூங்க வெச்சிருக்கோம். சத்துக்கு, சளிக்குன்னு எதையாவது குடிச்சு எழுப்பிடாதீங்க." நீ சிரித்தாய். "எங்கக்காவ அடிக்க எவனுக்கு சார் தைரியம்?" என்றாய். டாக்டரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் மாத்திரைச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் நான் உன்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? கொதித்து ஆறிய தண்ணீர்தான். மாஸ்க் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. இருமல் இருக்கிற வீட்டுப் பக்கம் தலைவைக்கக் கூடாது, கல்யாணப் பந்தியில் உட்காரக் கூடாது. உன் ரீசார்ஜ் கடைக்கு வருகிறவன் தும்மினால்கூட நீ எழுந்து வெளியே வந்து நிற்க வேண்டும். உன் சேக்காளிகள், "அக்கா அடைகாக்கிற கோழிக்குஞ்சு" என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். அடைகாத்துத்தான் ஒவ்வொரு மார்கழியையும் தாண்டினோம்.

ஆனால் பக்கத்து வீட்டுப் பொள்ளாச்சியம்மாவை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. நம் ப்ளாக்கில் ஆளுக்கு ஓர் ஊர், அந்த ஊர்தான் பெயர். அவர் நிஜப் பெயர் என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மா போனபோது நீ ஒன்றாம் வகுப்பு. அப்பா ஷிப்டுக்குப் போய்விட, நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் உனக்குச் சோறு ஊட்டி, முகம் கழுவி, பவுடர் போட்டு வைத்திருப்பது அவர்தான். அப்பாவும் போய், மைன்ஸில் அவர் வேலைக்குப் பதிலாக எனக்குக் கேன்டீன் வேலை கிடைத்த பிறகும் உனக்கு அந்த வீட்டில் ஒரு தட்டு இருந்தது.

போன மார்கழியில் எனக்கு முதல் ஷிப்ட். இருட்டோடு கிளம்பிவிடுவேன். நீ கடை திறக்கப் போகும்போது அவர் சொம்போடு கேட்டருகே நின்றிருக்கிறார். "ஏஞ்சாமி, பனி எப்பிடி இறங்குது பாரு. சீந்தில் கொடி போட்டுக் காய்ச்சியிருக்கறன். ஒரே மடக்கு, குடிச்சுப்போட்டுப் போ." நீயும் குடித்துப்போட்டுப் போயிருக்கிறாய். தினமும். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா நீ?

கால் வீங்கி, காய்ச்சல் கண்டு, சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் முதலில் கேட்டதே, நாட்டு மருந்து ஏதாவது குடித்தாயா என்றுதான். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். அவர் போன பிறகு மெதுவாகச் சொன்னாய். "குடிச்சேன்க்கா. அந்தம்மா மொகத்தப் பாத்து வேணாம்னு சொல்ல வாய் வரல. நீ அதுங்கிட்ட சொல்லிடாத. தாங்காது." சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கையை விட்டாய். வெளியே வந்து டாக்டரிடம் கேட்டேன். "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இருக்கலாம்" என்றார்.

அந்த 'இருக்கலாம்' என்ற ஒரு வார்த்தையோடுதான் நான் ஒரு வருஷம் குடித்தனம் நடத்தினேன். நீ போனாய். உன்னோடு என் உடம்பில் ஒரு பங்கும் சுடுகாடு பார்த்துவிட்டது. பொள்ளாச்சியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "நாங் குடுத்த கஷாயத்துலதான் அத்தன நாளாச்சும் தாக்குப் புடிச்சான் கண்ணு" என்று அழுவார். நான் தலையை ஆட்டுவேன். அந்தத் தலையை எப்படி ஆட்டினேன் என்பது எனக்குத்தான் தெரியும். சில நாள் அவர் கழுத்தைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கும். உன் மேல் அதைவிடக் கோபம் வரும்.

இந்த மார்கழிக்கு உன் சேக்காளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? உன் போட்டோவைப் பெரிதாகப் போட்டு ஃப்ளெக்ஸ் அடித்து, 'அமரர் சேகர் நினைவாகப் பனிக்கால மூலிகைக் கஷாயம், அனைவரும் வருக' என்று பொள்ளாச்சியம்மா வீட்டு கேட்டில் கட்டிவிட்டார்கள். காய்ச்சுவது அவர். உன் முகத்துக்குக் கீழே அண்டா கொதிக்கிறது. ப்ளாக்கே டம்ளரோடு வரிசையில் நிற்கிறது. "நீதான் தொடங்கி வைக்கணும்க்கா" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்போதும் வாயைத் திறக்கவில்லை பார். உனக்குக் கொடுத்த வாக்காயிற்றே.

போன வாரம், என் வார லீவு அன்று காலை, வளையமாதேவியிலிருந்து ஓர் அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டைத் தேடி வந்தார். பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "ஆனி மாசம் என் கிட்னியத்தான் இதுக்கு வெச்சாங்கம்மா. இது மொதப் பனி. ராவும் பகலும் பயந்துகினு கெடக்கறேன். உன் தம்பி சங்கதியும் கேள்விப்பட்டேன். அதான் வந்தேன். எது ஆவாதுன்னு உனக்குத்தான தெரியும்" என்றார்.

அவருக்கு எல்லாம் சொன்னேன். தண்ணீர், மாஸ்க், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதது, மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதது, காய்ச்சல் தொட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. சொல்லிக்கொண்டே வந்தவள், கஷாயம் என்று வரவேண்டிய இடத்தில் முழுங்கிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியம்மா டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வழியனுப்ப வந்து செருப்புத் தேடுகிறேன். அதற்குள் அந்தப் பெண் பக்கத்து வீட்டு கேட்டில் மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு நிற்கிறாள். பொள்ளாச்சியம்மா அவள் கையில் டம்ளரை வைத்து, "குடி கண்ணு, ஒடம்புக்கு எதிர்ப்பு சக்தி ஏறும்" என்கிறார். அவளும் உன்னை மாதிரியேதான். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாமென்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. வாயருகே கொண்டுபோய்விட்டாள்.

ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். கஷாயம் பொள்ளாச்சியம்மா புடவையில் கொட்டியது. "இதக் குடிச்சுதான் என் தம்பி செத்தான்!" என்று கத்தினேன் சேகர். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

டாக்டர் சொன்ன 'இருக்கலாம்' என்பதை நான் அங்கே சேர்க்கவில்லை. அந்தப் பெண்ணைக் காப்பாற்றக் கத்தினேனா, ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டக் கத்தினேனா? நீயே சொல்லு. எனக்குப் பிடிபடவில்லை.

பொள்ளாச்சியம்மா அழவில்லை. ஈரப் புடவையைக்கூட உதறவில்லை. "ஒரு வார்த்த, வேண்டாமுங்கம்மான்னு அவன் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனவர்தான்.

ஃப்ளெக்ஸை அன்றைக்கே அவிழ்த்துவிட்டார்கள். வளையமாதேவி அம்மா போன் செய்தார். டாக்டரிடம் கேட்டார்களாம், குடிக்காமல் இருந்ததே நல்லது என்றாராம். பெண் நன்றாக இருக்கிறாள். அதுவரைக்கும் எனக்கு நிம்மதி. ஆனால் பொள்ளாச்சியம்மாவின் மருமகள் கேன்டீனுக்கே தேடி வந்து அழுதாள். "அத்த சமையக்கட்டுப் பக்கமே போறதில்லைங்க்கா. பையன் சோறு கேட்டாக்கூட, உங்கம்மாகிட்ட வாங்கிக்கோன்னு கைய இழுத்துக்கறாங்க."

நேற்று போனேன். எதிரில் உட்கார்ந்து, "டாக்டர் இருக்கலாம்னுதாம்மா சொன்னாரு. அதுதான்னு சொல்லல. நான்தான் கத்திட்டேன்" என்றேன். காதில் விழுந்ததா தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடியே இருந்தார். கடைசியில், "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றேன். எழுந்து போய் மொண்டு வந்தவர், என்னிடம் நீட்டாமல் டம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "உனக்கும் ஒண்ணுதான கண்ணு இருக்கு? வெறும் தண்ணிதான். நீ குடிக்கலாமா?"

அந்தக் கேள்வியை எப்படித் தாங்குவேன், சொல்லு. நானே எழுந்து அவர் கையிலிருந்து வாங்கி, அவர் பார்க்கப் பார்க்க முழுவதும் குடித்தேன். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

உனக்கு ஒரு வாக்கை உடைத்தவள் இன்னொன்று கொடுக்கிறேன். இனி தினமும் ஷிப்ட் விட்டு வரும்போது அந்த வீட்டில் ஏறித் தண்ணீர் கேட்பேன். பயப்படாமல் அவராக நீட்டுகிற நாள் வரைக்கும் கேட்பேன். மன்னித்துவிட்டாயா என்று மட்டும் கேட்காதே, இன்னும் இல்லை. ஆனால் உனக்கு ஊட்டிய கையடா அது. அதை அப்படியே மடியில் கிடக்க விடமாட்டேன்.

தன்னில் ஒரு பங்கு கொடுத்தும் உன்னை நிறுத்திவைக்க முடியாமல் போன,
உன் கூடப்பிறந்த அக்கா,
வசந்தா