எந்த ஊர் என்று கேட்டார்கள், அண்ணி

அண்ணி,

இன்று படப்பையில் ஷேர் ஆட்டோவில் ஒருத்தி என் மடிமேல் கொத்தமல்லிக் கட்டைச் சாய்த்துவிட்டாள். வாசனை குப்பென்று ஏறியதும் அந்தக் காய் லாரி ஞாபகம் வந்துவிட்டது. கொத்தவால் சாவடி. தொண்ணூற்றொன்று, மே மாதம். நீங்களும் போய்விட்டீர்கள், இதை இனி யாரிடம் சொல்லித் தொலைப்பது?

பட்டணம் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நீங்கள்தான். பால்குடி மறக்காத உங்கள் பிள்ளையை வீட்டில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு, சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று கிளம்பினோம். ஐகோர்ட்டின் சிவப்புக் கட்டடத்தையும் உச்சியில் இருந்த விளக்குக் கோபுரத்தையும் அண்ணாந்து பார்த்து, "இங்க கேஸ் போட்டா தோத்தாக்கூட பரவால்லடி" என்றீர்கள். பூக்கடைப் பக்கம் வளையல், சைனா பஜாரில் பிள்ளைக்குச் சட்டை. கந்தகோட்டத்தில் சாமி கும்பிட்டு வருவதற்குள் இருட்டிவிட்டது. மண்ணடிச் சித்தி, "ஒரு ராத்திரிதானே, காலைல செத்த காலேஜையும் பாத்துட்டுப் போங்க" என்று பிடித்துக்கொண்டாள். எழும்பூர் மியூசியத்துக்கு நம் ஜனம் வைத்த பெயர் அது.

விடிந்தபோது ஒரு கடையும் திறக்கவில்லை. முந்தின இரவு நம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து, கூட்டத்துக்கு வந்த தலைவர் இறந்துபோனார் என்று ரேடியோ சொன்னது. பஸ் இல்லை. உங்களுக்கோ பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனையத் தொடங்கியது. "சங்குல ஊத்துனா துப்பிடுவான்டி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

கொத்தவால் சாவடியில் காய் இறக்கிவிட்டு வாலாஜாபாத் திரும்பும் ஒரு லாரிக்காரரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினோம். மனுஷன் ஏற்றிக்கொண்டார். "யார் கேட்டாலும் படப்பைன்னு சொல்லுங்க. ஸ்ரீபெரும்புதூர்னு வாயத் தொறந்தீங்கன்னா அவ்ளோதான். ஜனம் வெறியில கீது" என்றார்.

முடிச்சூர் தாண்டியதும் ரோட்டில் டயர் எரிந்துகொண்டிருந்தது. தடியும் கையுமாக நாலைந்து பேர் லாரியை மறித்தார்கள். "எந்த ஊரு?"

நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "ஸ்ரீபெரும்புதூர் பக்கம், வடக்குப்பட்டு. எம்புள்ள நேத்துலேர்ந்து பாலில்லாம கத்திகினு கீறான். அடிக்கறதுன்னா அடி, இல்லன்னா வழி வுடு."

எனக்கு உயிரே போய்விட்டது. ஒருவன் தடியை ஓங்கிக்கொண்டே லாரியில் காலை வைத்து ஏறினான். உங்கள் நனைந்த ரவிக்கையைப் பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வுடுங்கடா" என்றான்.

வீடு வந்து சேர்ந்ததும், அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்த பிள்ளையை வாரி எடுத்து, காலைக்கூடக் கழுவாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அவன் மடக்மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது.

"படப்பைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா அண்ணி? கொன்னே போட்டிருப்பானுங்க!"

நீங்கள் தலை நிமிரவில்லை. "ஏண்டி, நம்மூரு இன்னாடி பண்ணுச்சு?"

இப்போது ஒரகடத்துக்குக் கேன்டீன் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், வெளியூர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "அந்தக் குண்டு வெடிச்ச ஊரா அக்கா?" பாவம், அன்றைக்குப் பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆமாம் என்று சொல்லவும் வாய் வருவதில்லை, இல்லை என்று சொல்லவும் முடிவதில்லை. நீங்கள் கேட்டதையே, உங்கள் குரலிலேயே, அவர்களிடம் கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன் அண்ணி.