பூனைக் கிண்ணம்

ஜூன் 7, 1943. திங்கள்.
காலையிலிருந்து மூடுபனி. எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியவில்லை. சனிக்கிழமை மண்ணில் பிடித்த கோப்பைகள் இன்னும் ஈரம். காயாமல் சூளையில் வைத்தால் வெடிக்கும். மூன்று முறை பட்டாயிற்று.

இதுவரை செய்து பார்த்தவை:
துரை பங்களாவில் பார்த்த மாதிரி காது வைத்த கோப்பை, மூன்று. மூன்று காதும் கழன்று விழுந்தன.
ஈர மண்ணில் தேயிலைக் கொழுந்தை அழுத்தி எடுத்தது. நரம்பு நரம்பாகப் பதிகிறது. இதுதான் என் பெருமை.
சூட்டோடு எடுத்துத் தேயிலைத் தூளில் புரட்டியது. நல்ல கறுப்பு. வீடெல்லாம் புகை நாற்றம், அ.வுக்கு இரண்டு நாள் இருமல்.
அ. வழியில் கிடக்கிறதென்று ஈரத்தோடு தூக்கி வைத்ததில், கட்டைவிரல் பதிந்து கோணிப்போனது ஒன்று. சுட்டுப் பூனைக்கு வைத்துவிட்டேன்.

(அ. என் வீட்டுக்காரர் அந்தோணி. தேயிலை ஆலையில் அடுப்பு வேலை. ஜ. யார் என்று எழுத வேண்டாம், துரைமார் ஓடிய பிறகு இங்கே எல்லாம் அவன் கையில். இந்த நோட்டு அகப்பட்டாலும் பெயர் அகப்படக் கூடாது. அட அசடே, அந்தோணி என்று எழுதிவிட்டேனே. அடித்தால் தாள் கிழியும். இருக்கட்டும்.)

கடையில் தட்டு, கோப்பை ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து எனக்கும் வேலை கிடையாது. சும்மா இருந்தால் பயம் வருகிறது. ஓடைக்கரை மண்ணைப் பிசைந்தால் கொஞ்சம் அடங்குகிறது.

பக்கத்து வீட்டு ரோசம்மா வந்தாள். "அக்கா, ஜப்பான்காரன் போடுற சயாம் ரயில் வேலைக்கு மறுபடியும் லிஸ்ட்டு எழுதுறாங்களாம். லயத்துக்கு ஒரு ஆளாம்." எங்கள் லயத்தில் பத்து வீடு. போன தடவை போனவர்களிடமிருந்து ஒரு வரி கடிதம் இல்லை.

ஜூன் 9. புதன்.
அ. பெயர்தான். கங்காணி வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை ரிங்லெட் ஊரில் லாரி ஏற வேண்டும்.

அ. சாப்பிட்டார். மரவள்ளிக்கிழங்கு, உப்பில்லாமல். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். பாதியில்தான் உறைத்தது, எந்தப் பயணத்துக்குத் தைக்கிறேன் என்று. அழுதேன். பிறகு மீதியையும் தைத்தேன்.

ஜூன் 10. வியாழன்.
தூறல். லயத்தில் சோதனை.

ஜ. கங்காணியோடு வந்தான். வாசல் வாசலாகக் குனிந்து நின்றோம். கொழுந்து பதித்த கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினேன், எதையாவது கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாமே என்று. அவன் அதைப் பார்க்கவே இல்லை. குழாயடியில் கிடந்த பூனைக் கிண்ணத்தை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அ. விரல் பதிந்த பள்ளத்தில் தன் விரலை வைத்தான். தேநீர் ஊற்றச் சொன்னான்.

கழுவித் தருகிறேன் என்று கை நீட்டினேன். தரவில்லை. ஊற்றினேன். கண்ணை மூடிக் குடித்தான். என் பக்கத்தில் ரோசம்மா. அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. போன மாதம் சரியாகக் குனியவில்லை என்று இவன் அறைந்ததில் ஒருவருக்குக் காது போயிற்று. இது பூனையுடையது என்று தெரிந்தால்?

கங்காணி: "டீச்சரம்மா, இதே மாதிரி அஞ்சு வேணுமாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள."
துரைமார் என்றால் ஆறு கேட்பார்கள். இவனுக்கு ஐந்து.

எங்கிருந்து துணிச்சல் வந்ததோ. "அந்தப் பள்ளம் எங்க வீட்டுக்காரர் கை, கங்காணி. அவரு இல்லாம எனக்கு வராது. அவரு பேரு லிஸ்ட்டுல இருக்கு. சொல்லுங்க."

கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஜ. தலையாட்டினான். ஐந்தும் வந்தால் பெயரை எடுப்பான். கிண்ணத்தைக் கையோடு கொண்டுபோனான்.

பிறகு ரோசம்மா, மெல்ல: "அக்கா, அது பூனை குடிக்கிறதுலா."
"வாய மூடு, ரோசு."
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு காலமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

ஜூன் 11. வெள்ளி.
கோணல் வரவில்லை. இத்தனை நாள் நேராக வரவில்லையே என்று அழுதவள், இன்று பத்தும் நேர். வேண்டுமென்று நெளித்தால் நெளித்தது தெரிகிறது.

வேலை முடிந்து அ. வந்தார்.
"அன்னிக்கு எப்படித் தூக்குனீங்க?"
"எப்படித் தூக்குனேன். கால்ல இடிச்சது, தூக்கி வச்சேன்."
"அதே மாதிரி தூக்குங்க."

முதல் மூன்றும் அவர் கையிலேயே நசுங்கின. பயத்தில் இறுக்கிப் பிடிக்கிறார். வேறு ஏதாவது பேசுங்கள் என்றேன். ஆலை விறகு ஈரம், புகைகிறது, கணக்கெழுதும் கிராணி ஏசினார் என்று முணுமுணுத்துக்கொண்டே நடை வழியிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பலகையில் வைத்தார். ஏழு சரியாக வந்தன. அந்தக் கட்டைவிரலை இவ்வளவு உற்று நான் பார்த்ததே இல்லை. நகத்தில் கரி.

ஜூன் 12. சனி.
மழை. மண் காயவில்லை. விடியலில் அ. ஏழு கிண்ணத்தையும் கூடையில் வைத்து, ஆலையில் சூட்டுக் காற்றில் கொழுந்து வாட்டும் மாடிக்குக் கொண்டுபோனார். மதியம் திரும்பி வந்தபோது தட்டினால் காய்ந்த சத்தம்.

சூளைக்கு விறகு? நான் கேட்காமலே ரோசம்மா தேயிலைச் செடியில் கவாத்து வெட்டிய குச்சி மூன்று கட்டு தலையில் சுமந்து வந்தாள். இரண்டு பிள்ளைகளும் பின்னால் மழையில். "அண்ணன் இங்கயே இருக்கட்டும் அக்கா," என்றாள். சூளைக் குழிக்கு மேல் தகரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள்.

உள்ளே ஒன்று வெடித்தது. ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதற்குமேல் இல்லை.
ஐந்து. சரியாக ஐந்து.

ஜூன் 13. ஞாயிறு.
வெயில், ஒரு மணி நேரம்.
ஐந்தையும் வைக்கோலில் சுற்றி அ. ஆபீசுக்குக் கொண்டுபோனார். அவர் திரும்பும்வரை நான் செய்தது: வாசல் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன்.

வந்தார். ஜ. வரிசையாக வைத்துப் பார்த்தானாம், ஒவ்வொரு பள்ளத்திலும் விரல் வைத்தானாம், பெயரின் மேல் கோடு கிழித்தானாம். தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையைப் பிடித்தேன், விட மனமில்லை. ஒளித்து வைத்திருந்த கைப்பிடி அரிசியை உலையில் போட்டேன். பூனைக்கும் கொஞ்சம்.

மாலை.
சோறு இறங்கவில்லை. லயத்துக்கு ஓர் ஆள் என்பது எனக்கு மறந்தா போயிற்று? தெரியும். நினைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அ. பெயருக்குக் கீழே வேறு பெயர் எழுதியிருக்கிறார்கள். சவரி. ரோசம்மாவின் புருஷன்.

சற்று முன் வந்தாள். அழவில்லை. முந்தானை நிறைய ஓடை மண்.
"அக்கா, எங்களுக்கும் அஞ்சு செஞ்சு குடுங்க. இவரு வெரலு வச்சு."
"காலையில லாரி, ரோசு. மண்ணு காயாது."

போகவில்லை. அ. எழுந்து பின்பக்கம் போய்விட்டார். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது.
"பூனைக் கிண்ணம்னு நான் இன்னும் யாருகிட்டயும் சொல்லல அக்கா."

குரலை உயர்த்தவே இல்லை. கெஞ்சினாளா மிரட்டினாளா, தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. மண்ணை வாங்கிக்கொண்டேன். சவரியை வரச் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் மழை.