ஊதா பென்சிலில் இரண்டாம் நம்பர்

மேஸ்திரி,

நேற்று கண்ணாடி பீரோவின் மேலடுக்கில் கையை விட்டுத் துழாவியபோது பழைய பீங்கான் தட்டு ஒன்று அகப்பட்டது. ஓரத்தில் நீலக்கோடு போட்ட தட்டு. திருப்பிப் பார்த்தேன். அடிவளையத்தில் மெருகு ஏறாத சொரசொரப்பான இடத்தில் உன் ஊதா பென்சில் எழுத்து: 2. எச்சில் தொட்டு எழுதினாயே, அதுதான். நீ எழுதிய புதிதில் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன், எலுமிச்சம்பழத்தை வீணாக்கினேன். இத்தனை வருஷத்தில் அசையவில்லை. நீ போய்ச் சேர்ந்து ஐந்து மாசம் ஆகிறது. உன் எழுத்து போக மாட்டேன் என்கிறது. செத்த பிறகும் என் சரக்கில் பழுது சொல்கிற ஆள் நீ ஒருத்தன்தான்.

அந்த அடுக்கில் கைவைக்க வைத்ததே உன் மகள்தான். அவள் வந்த கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். உயிரோடு இருந்தபோது நீ எங்கே என்னைப் பேச விட்டாய்?

உனக்குத் தெரியும், நான் குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் தலையில் கூடை சுமந்து அலுமினியச் சட்டி விற்றவன். கால் தேய நடந்து, வாயைக் கட்டி, ஆம்பூர் பஜாரில் கடை போட்டேன். சாதாரணக் கடையா? மூன்று கண்ணாடி பீரோ. சீமைத் தட்டு, கோப்பை, கெட்டில், கண்ணாடித் தம்ளர், ஐஸ் போடுகிற கிண்ணம். பட்டணத்திலிருந்து வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் ரயிலேறி வரும் சரக்கு. தோல் ஷாப்பு முதலாளிகள் வீட்டிலிருந்து வண்டி கட்டி வருவார்கள். ரயில்வே துரைமார் சம்சாரங்கள் வருவார்கள். வந்தவர்களுக்கு நாற்காலி, வெயில் நாளில் எலுமிச்சை சர்பத். இங்கிருந்து வாணியம்பாடி வரைக்கும் இப்படி ஒரு கடை இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லாததால்.

அந்தக் கடைக்குள்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ வந்தாய். மண்டியில் தோலைத் தரம் பிரிக்கிற மேஸ்திரி என்று யாரும் சொல்லத் தேவையில்லை. தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை வாசனை உனக்கு முன்னால் படியேறி வந்தது. நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் முந்தானையை மூக்குக்கு ஏற்றினார். நான் என்ன செய்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. "இன்னாப்பா வேணும்? அங்கியே நின்னு சொல்லு. கைய கழுவாம எதையும் தொடாத" என்றேன்.

நீ கோபப்படவில்லை. எதிர்க் கிணற்றில் முழங்கை வரை கழுவிக்கொண்டு திரும்பி வந்தாய். ஈரக்கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாய்.

"கழுவியாச்சு சாவுகாரே. இப்ப உங்க தட்டக் காட்டுங்க. அதையும் கழுவித்தான் வெச்சிருக்கீங்களா பாப்பம்."

ஒரு நீலக்கோட்டுத் தட்டை எடுத்தாய். கட்டைவிரலை ஓரத்துக்கு அடியில் கொடுத்து வட்டமாக ஒரு சுற்று. அப்புறம் கண்ணை இடுக்கிக்கொண்டு தட்டோடு பின்கட்டுக் கதவுக்குப் போனாய். எங்கே போகிறாய் என்று நான் ஓடி வந்தேன். "வடக்கு வெளிச்சத்துலதான் பழுது ஒத்துக்கும். உங்க கண்ணாடி பீரோ வெளிச்சம் பொய் சொல்லுது" என்றாய். ஒரு மணி நேரத்தில் என் தட்டு இருபதையும் தோல் மாதிரி நாலு குவியலாகப் பிரித்துத் தரையில் அடுக்கிவிட்டாய். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர், கழிவு. கழிவுக் குவியல்தான் உயரம். நாற்காலி அம்மாள் எழுந்து வந்து நாலையும் பார்த்தார். அவர் எடுத்து வைத்திருந்த தட்டு எந்தக் குவியலைச் சேர்ந்தது என்று உன்னிடமே கேட்டார். நீயும் சொன்னாய். அவர் ஒன்றும் வாங்காமல் வண்டியேறினார்.

அவ்வளவும் செய்துவிட்டு நீ வாங்கியது ஒரே ஒரு தட்டு.

"ஒரு தட்டுல யாருய்யா சாப்புடப் போறா?"

"யாரும் சாப்புடறதுக்கு இல்ல. பொண்ணு இருக்குறா. அவ சீருக்கு ஆறு தட்டு. ஆறும் ஒண்ணாம் நம்பரா இருக்கணும். கெடைக்கிறப்ப கெடைக்கட்டும்."

ஆம்பூரில் தரம் பிரிக்கிற மேஸ்திரி வீட்டுச் சீரில் சீமைப் பீங்கான் எதற்கு என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை மறக்கவில்லை. "இந்தப் பக்கத்துல நான் மூணாம் நம்பர் போடாத தோல் வியாபாரி இல்ல சாவுகாரே. அவ்ளோ பேரும் கல்யாணத்துக்கு வருவாங்க. பொண்ணப் பாக்க வரமாட்டாங்க, சீரத் திருப்பிப் பாக்க வருவாங்க. அதுல ஒரு புள்ளி கெடச்சா போதும்."

அப்புறம் இரண்டு வருஷம். பெட்டி வந்த செய்தி எனக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடும். வந்து வைக்கோலை உதறி உட்காருவாய். ஒன்று எடுப்பாய், சில நாள் ஒன்றும் எடுக்க மாட்டாய். ஆனால் எடுக்காத தட்டுகளின் அடியிலெல்லாம் ஊதா பென்சிலில் நம்பர் போட்டுவிட்டுப் போவாய். நான் கத்துவேன். "பழக்கம் சாவுகாரே, கை நிக்க மாட்டேங்குது" என்பாய். இன்ஸ்பெக்டர் சம்சாரம் ஒரு கெட்டிலுக்குக் கையை நீட்டிய நேரத்தில், "அம்மா, அதோட மூக்கு ஒருபக்கமா சாயுது. ஊத்துனா கோப்பையில விழாது, மடியில விழும்" என்று சொன்னவன் நீ. அன்று நான் உன்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாதது என் பொறுமையா, அந்த அம்மாள் எதிரே இருந்ததாலா என்று இன்றும் தெரியவில்லை. அவர் போன பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மடியில்தான் விழுந்தது. அது இன்னும் எரிச்சல்.

"சோறு மேலதான போடறாங்க? அடியில ஊசிமுனை புள்ளி இருந்தா யாருக்குய்யா பேஜாரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

நீ மண்டி வழக்கத்தைச் சொன்னாய். மேஸ்திரி நம்பர் போட்டுக் கட்டின தோல்கட்டில் பிறகு பழுது தெரிந்தால், அது விற்றவன் தப்பு இல்லை, மேஸ்திரி தப்பு. தோல் கப்பலேறிச் சீமைக்கே போயிருந்தாலும் சரி. "வித்தவன் விக்கத்தான் பாப்பான். பாக்க வேண்டியது நான்தான?" என்றாய். விற்றவன் என்று சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து தட்டு சேர்ந்தது. மகளுக்குத் திருப்பத்தூர் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாப்பிள்ளை அமைந்தார். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. ஆறாவது தட்டு வரவில்லை. பட்டணத்துப் பெட்டிக்கு நான் தந்தி அடித்ததுகூட உண்டு, உனக்காக இல்லை, உன்னைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட வேண்டும் என்ற ஆசையில். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வந்தாய். வலது கட்டைவிரலில் பெரிய துணிக்கட்டு. மண்டியில் கத்தி பட்டுவிட்டது என்றாய்.

என்னிடம் ஒரு தட்டு இருந்தது. ஓரத்துக்கு அடியில் கடுகிலும் சின்னதாக ஒரு குழி. முந்தின நாள் வெள்ளை மெழுகை உருக்கி அதில் அடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். யாருக்காக என்று கேட்காதே. உனக்காகத்தான். உன்னை ஒரு தடவையாவது ஏமாற்றிப் பார்க்க வேண்டும் என்ற வெறி இரண்டு வருஷமாக ஊறிப்போயிருந்தது. நீ கண்டுபிடித்தால் சிரித்துவிட்டுப் போவோம், கண்டுபிடிக்காவிட்டால் நான் ஜெயித்தேன். இவ்வளவுதான் என் புத்தி.

நீ தட்டைத் தொடவே இல்லை. வடக்குக் கதவுக்கும் போகவில்லை.

"இன்னிக்கு என் வெரலுக்கு லீவு. நீங்களே பாத்துக் குடுங்க சாவுகாரே."

நான் கொடுத்தேன். நான் நினைத்த மாதிரி ஜெயிப்பது அவ்வளவு ருசியாக இல்லை. ஆனாலும் கடை முத்திரை ஒட்டி, காகிதத்தில் சுற்றி, கையில் கொடுத்தேன்.

பந்தலில் மேஜை போட்டு ஆறு தட்டையும் சாய்த்து வைத்திருந்தாய், ஒவ்வொன்றிலும் என் கடை முத்திரை தெரிய. நீ சொன்னபடியே வந்தார்கள். பேரணாம்பட்டு வியாபாரி, உன்னிடம் மூன்றாம் நம்பர் வாங்கியே நரைத்த ஆள், ஒவ்வொரு தட்டாகத் திருப்பிக்கொண்டே வந்தார். ஆறாவதில் அவர் நகம் நின்றது. நகத்தில் மெழுகு வந்தது.

"இன்னா மேஸ்திரி, இதுக்கு இன்னா நம்பர் போடுவ?"

பந்தலே திரும்பிப் பார்த்தது. என் வாடிக்கை முதலாளிகள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். சம்பந்தியம்மாள் தட்டை வாங்கிப் பார்த்தார். என் கையில் பன்னீர்ச் செம்பு. என் கடை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். ஒரே ஒரு நொடி நீ என்னைப் பார்த்தாய்.

"ரெண்டாம் நம்பர்" என்றாய். "சாவுகாரு வேணாம்னுதான் சொன்னாரு. ஆறு முழுசாவட்டும்னு நான்தான் கேட்டு வாங்கினு வந்தேன்."

"மெழுகு?"

"அதும் நான் வெச்சதுதான்."

எப்படிச் சிரித்தார்கள். இருபது வருஷமாக உன் கட்டைவிரலுக்குப் பயந்தவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து நீ மெழுகு மேஸ்திரி. நீ மூன்றாம் நம்பர் சொன்னால் போதும், "கொஞ்சம் மெழுகு வெச்சா ரெண்டாவுமா மேஸ்திரி?" என்று எவனாவது கேட்பான். நீ சொன்ன நம்பருக்கு மறுபேச்சு இல்லாமல் இருந்த மண்டியில் ஒவ்வொரு தோலுக்கும் நீ வாதாட வேண்டி வந்தது. எனக்கு எல்லாம் தெரியும். பஜாரில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாமல் எது நடக்கும்? நான் சும்மா இருந்தேன். கடை நன்றாக ஓடியது.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் அந்தத் தட்டோடு வந்தாய். பென்சிலை நாக்கில் தொட்டு, என் கண்ணெதிரே அடியில் 2 என்று எழுதி, மேஜைமேல் வைத்தாய். "இத மாத்திக் குடு" என்றாய். குடுங்க என்று சொல்லவில்லை.  பந்தலில் பழியை ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று நான்தான் கேட்டேன்.

"பாக்காம வாங்கினது நானு. அப்ப தப்பு யாருது?"

 என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். தட்டை உடைத்திருந்தால் காசு கேட்டிருப்பேன். மண்டிச் சட்டத்தை என் கடையில் கொண்டுவந்து வைத்து எனக்கு ஒரு பக்கமும் இல்லாமல் செய்துவிட்டாய். புதுப்பெட்டி வந்திருந்தது. நீ பாட்டுக்கு உட்கார்ந்து மொத்தத்தையும் பிரித்தாய், ஒன்றாம் நம்பர் ஒன்று எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகும் பதினாலு வருஷம் வந்தாய், வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமலே. நாற்காலியில் உட்கார், சர்பத் குடி என்பேன். "கண்ணு எதுக்கு இருக்குது? தட்டப் பாக்கத்தான்" என்று பின்கட்டுக்குப் போவாய்.

உன் அடக்கத்துக்கு வந்திருந்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒருத்தன் இன்னொருத்தனிடம், "யாரு, நம்ம மெழுகு மேஸ்திரியா?" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. 

நேற்று உன் மகள் வந்தாள். வாத்தியார் வீட்டில் பழைய தட்டுகள் ஒவ்வொன்றாக எல்லாமே உடைந்துவிட்டனவாம், புதிதாக ஆறு வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு சொன்னாள்: "நீங்களே பாத்துக் குடுங்க மாமா."

 எதையோ தேடுகிறவன் மாதிரி மேலடுக்கில் கையை விட்டபோதுதான் அந்தத் தட்டு வந்தது. அவளிடம் கொடுத்தேன். அடியில் இருந்த எழுத்தை அவள் விரலால் தடவினாள்.

"அப்பா எழுத்து."

"ஆமாம்மா. உன் கல்யாணத்துல வெச்ச தட்டு. அதுல மெழுகு வெச்சது உங்கப்பா இல்ல. நான்."

அவள் விசிறியை நிறுத்தவில்லை. "தெரியுமே" என்றாள். "அப்பாவுக்குச் சட்டையில ஒரு பொத்தான் வெக்கத் தெரியாது. மெழுகு வெச்சாராம். அம்மா அன்னிக்கு ராவே சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா என் கடைக்கே வந்த?"

"வேற யார் கடைக்குப் போறது? அப்பா வேற எங்கியும் போக விடல. 'அந்த ஆளு ஒருவாட்டி செஞ்சான், இனிமே செய்யமாட்டான்'னுவாரு."

புதுப்பெட்டியை உடைத்தேன். மேஸ்திரி, என் கட்டைவிரல் உன் விரல் இல்லை. ஆனாலும் ஓரத்துக்கு அடியில் கொடுத்து ஒவ்வொன்றாகச் சுற்றினேன். பின்கட்டு வடக்குக் கதவுக்கும் மேஜைக்கும் நடந்தேன். முழுசாக ஒன்றரை மணி நேரம். "மாமா, இது நல்லாத்தான இருக்குது", "மாமா, ரயிலு போய்டும்", "மாமா, அப்பாகூட இவ்ளோ படுத்தல" என்று உன் மகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நாலுதான் தேறியது.

"ஆறு இல்லியா?"

"இல்ல. அடுத்த பெட்டி வரட்டும்."

"நாலு தட்ட வெச்சிக்கினு வீட்ல இருக்குற ஆறு பேருக்கு நான் இன்னா பண்றது?"

"ரெண்டு பேரு எலையில சாப்புடட்டும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பல்லைக் கடித்தது தெரிந்தது. உன்னைப் பார்த்து நான் இத்தனை வருஷம் கடித்த அதே பல். மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

இன்று காலை பேரணாம்பட்டு வியாபாரி தன் பேத்தி கல்யாணத்துக்குக் கோப்பை பார்க்க வந்தார். மெழுகு வைத்தது யார் என்று அவரிடமும் சொன்னேன், கடையில் நாலு பேர் கேட்கும்படி. அவர் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டுப் போனார். திரும்பி வருவாரோ இல்லையோ தெரியாது. வந்தால், அவர் எடுத்து வைத்த அந்தக் கோப்பையைக் கொடுக்கமாட்டேன். பிடிக்குக் கீழே ஒரு மயிர்க்கீறல் இருக்கிறது. அடியில் 3 என்று எழுதி வைத்திருக்கிறேன். பென்சில் உன்னுடையதுதான், உன் ஞாபகமாக உன் மகள் பையில் வைத்திருந்ததை என் மேஜைமேல் விட்டுவிட்டுப் போனாள். காலையிலிருந்து நாக்கு ஊதாவாக இருக்கிறது, கசக்கிறது. இந்தக் கசப்பை வாயில் வைத்துக்கொண்டு நீ எப்படி அத்தனை பேச்சு பேசினாய்?