சிறுநீரகம் தெரியாத புதன்கிழமை

13.10.96, ஞாயிறு

காலையில் வெயில். மூன்று மணிக்கு மேல் இடியுடன் மழை. கொடியில் போட்ட வெள்ளைக் கோட்டு இரண்டாம் முறையாக நனைந்தது.

புதன்கிழமை ஆஸ்பத்திரி டைரக்டர் முன்னால் ஸ்கேன் எடுத்துக் காட்ட வேண்டும். சிறுநீரக மருத்துவர்களும் ஸ்கேன் எடுக்கலாம் என்று எங்கள் சங்கம் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மலாக்காவில் கேட்க வேண்டியவள் நான். கோலாலம்பூர் போய்ப் பயிற்சி எடுத்து வந்தாயிற்று. இங்கே மெஷினைத் தொடக்கூட அனுமதி இல்லை. என் வார்டு ஆட்கள் வாரக்கணக்கில் ஸ்கேனுக்குக் காத்திருக்கிறார்கள், அதற்குள் சிலருக்குச் சிறுநீரகமே கைவிட்டுவிடுகிறது. நினைத்தாலே எரிச்சல்.

எதிர்க்கட்சி: டாக்டர் ஓங், எக்ஸ்ரே பிரிவுத் தலைவர் (இனி டா.ஓ.). நல்ல மனிதர்தான். மெஷின் விஷயத்தில் மட்டும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிய மாமியார். லிஃப்டில் சொன்னது: "இன்னைக்குக் கிட்னி, நாளைக்கு ஹார்ட். அப்புறம் எங்களுக்கு என்ன வேலை லா?"

வேண்டியவை: ஜெல் துடைக்கப் பழைய துண்டுகள். நோயில்லாத ஆட்கள், நாலு பேராவது. தைரியம்.

14.10, திங்கள்

ஆள் பிடிக்கப் பாயா ரும்புட் கோயிலுக்கு. நவராத்திரிக் கூட்டம். வீட்டுக்காரரின் அத்தை லெட்சுமி உடனே சம்மதம். அவர் வந்தால் இன்னும் மூன்று பேர் தானாக வருவார்கள்.

"வலிக்குமா?"

"வலிக்காது அத்தை."

"ஊசி?"

"அதுவும் இல்ல."

"அப்ப எந்தச் சேல கட்டிக்கிட்டு வர்றது?"

வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். சாப்பிட்டால் குடலில் காற்று சேர்ந்து படத்தை மறைக்கும். நால்வரும் சத்தியம் செய்யாத குறை.

வேன் ஓட்டப் பக்கத்து வீட்டுப் பெருமாள் அண்ணன். செங் வட்டாரத் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றி இறக்குபவர். "வர்றேன் தங்கச்சி. ஆனா என்னைய மெஷின்ல போடக்கூடாது, சொல்லிட்டேன்." பின்னாலிருந்து அண்ணி: "இவரா? கிளினிக் இருக்குற பக்கம் தல வச்சுக்கூடப் படுக்க மாட்டாரு."

15.10, செவ்வாய்

மழை. உடம்பில் வைத்து நகர்த்தும் ப்ரோபுக்குப் பதில் குளியல் சோப்பைக் கையில் பிடித்து வீட்டுக்காரர் விலாவில் ஒத்திகை. கிச்சுக்கிச்சு தாங்காமல் கட்டிலிலிருந்து உருண்டார். ஒத்திகை ரத்து.

16.10, புதன்

என்ன நாள் இது!

டைரக்டர், டா.ஓ., நான். அத்தை மேசைமேல், பட்டுச்சேலையில். வலது சிறுநீரகம் ஏதோ கொஞ்சம். இடதைக் காணவே காணோம். ஒளிபரப்பு முடிந்த டிவி மாதிரி வெறும் புள்ளி. இரண்டாமவர், அதே கதை. மூன்றாமவர், நாலாமவர், அதே.

"அத்தை, ஏதாவது சாப்ட்டீங்களா?"

"ஐயோ, பச்சத்தண்ணி பல்லுல படல!"

"ஒண்ணுமே?"

"கோயில்ல சுண்டல் குடுத்தாங்க. அது பிரசாதம்மா. பிரசாதம் சாப்பாட்டுல சேருமா?"

நாலு பேர் வயிற்றிலும் கொண்டைக்கடலை. இதை டைரக்டருக்கு எந்த மொழியில் விளக்குவது? அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போச்சு, இன்னும் ஒரு வருடம் என் ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"வேற ஆள் இல்லையா?" என்றார் டா.ஓ. கேலியா, கருணையா, தெரியவில்லை. வராந்தாவில் பெருமாள் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்களும் சுண்டல் சாப்ட்டீங்களா?"

"எங்க தங்கச்சி. ஒரு வாரமா சோத்தப் பாத்தாலே கொமட்டுது."

அத்தையும் மற்ற மூவரும் அவரைத் தள்ளிக்கொண்டே உள்ளே கொண்டுவந்தார்கள்.

வைத்ததும் தெரிந்தது. இரண்டு சிறுநீரகமும் வீங்கி, நடுவில் கறுப்பாக நீர். கீழே மூத்திரப்பை ஒரு பப்பாளி அளவு. வழி அடைத்து எல்லாம் மேலே தேங்கி நிற்கிறது என்றேன்.

"ஒண்ணுக்குச் சரியா போகுதாண்ணே?"

"சொட்டு சொட்டாதான். வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்கிற முகம். டா.ஓ. தானும் வைத்துப் பார்த்தார், நிதானமாக. பிறகு டைரக்டரிடம்: "டாக்டர் சொல்றது சரி. இன்னும் கொஞ்ச நாள் விட்டா இவருக்கு டயாலிசிஸ்தான்."

அங்கிருந்து நேராக வார்டு. ட்யூப் போட்டதும் பை நிறைந்தது. மாற்றினோம், மறுபடி நிறைந்தது. ரத்தப் பரிசோதனை மோசம். சிறுநீரகம் திரும்புமா? திரும்ப வேண்டும். அண்ணியிடம் தைரியமாகப் பேசிவிட்டு வந்தேன், எனக்குத்தான் பயம்.

பட்டுச்சேலைகள் நான்கும் பஸ்ஸில் வீடு திரும்பின.

18.10, வெள்ளி

ரத்தத்தில் கிரியேட்டினின் கழிவு இறங்குகிறது! அண்ணன் ட்யூபும் கையுமாக வார்டில் நடைபோடுகிறார், பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் நாட்டாமை. அண்ணி: "நான் சொன்னா ஏறாது. நர்ஸ் சொன்னா ஒடனே தலையாட்டுறாரு பாரேன்."

டைரக்டர் அறையில் டா.ஓ.வும் நானும். வாதாட மூன்று பக்கம் தயார் செய்துகொண்டு போனேன். பையைத் திறக்கவே இல்லை. சிறுநீரக ஸ்கேன் நான் எடுக்கலாம். முதல் ஆறு மாதம் டா.ஓ.வின் அறையில், அவர் பக்கத்தில் இருக்க. "திங்கட்கிழமை வாங்க. ஆனா ஹார்ட் பக்கம் போகாதீங்க" என்றார் டா.ஓ. சிரிக்காமல்.

சங்கத்துக்கு ஃபேக்ஸ். வாங்க வேண்டியவை: தேங்காய், வாழையிலை, பால் மாவு.

21.10, திங்கள்

விஜயதசமி. மழை இல்லை. படிப்பைத் தொடங்க இதைவிட நல்ல நாள் ஏது என்று அத்தைக்கு ஏகப் பெருமை. டா.ஓ.வுக்கு அதெல்லாம் தெரியாது, அவருக்கு வசதியான நாளைச் சொன்னார்.

முதல் ஆள் பெருமாள் அண்ணன். டா.ஓ. ப்ரோபை என்னிடம் நீட்டிவிட்டுத் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்கண்ணே."

இடது சிறுநீரகம். புதன்கிழமை பார்த்த கறுப்பு எங்கே? வற்றி, மெல்லிய கீற்றாக ஓரத்தில் கொஞ்சம். டா.ஓ. எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இருவரும் மாறி மாறி அந்தக் கீற்றையே விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டோம். அப்படி ஒரு சந்தோஷம்.

யாரோ என் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் அண்ணன், கன்னம் உப்பி, கண் பிதுங்கி.

மூச்சை விடச் சொல்ல மறந்துபோனோம், இரண்டு டாக்டர்களும்.