பேரவையில் ஓர் இடம்

வுப்பர்டால், சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

உன் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கை நேற்று அதன் இணையத்தளத்தில் வெளியானது. மாணவர் தொகை ஐந்திலொரு பங்கு கூடியிருக்கிறது. நைரோபியில் இரண்டாவது வளாகமும் எழுகிறது. பல்கலைக்கழகத்தை நடத்தும் பேரவையில் விரிவுரையாளர் பிரதிநிதியின் இடம் மட்டும் காலி. அது நீ தெரிவான இடம். புது வளாகத்துக்கான பணம் பற்றிக் கேட்ட உறுப்பினர்மேல் விசாரணை நடக்கிறது என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

போன கிழமை தொலைபேசியில் நீ, "எல்லாம் நல்லாப் போகுது அப்பா" என்றாய்.

அறிக்கையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பல்கலைக்கழகத்துக்கே தொலைபேசி எடுத்து விசாரிக்கட்டுமா என்று கேட்டேன்.

"முப்பது வருசமாப் பேப்பருக்காக ஊரெல்லாம் கேள்வி கேட்டனீங்கள். சொந்தப் பிள்ளையிட்டைக் கேட்க ஏலாதோ?" என்றாள்.

அதனால்தான் இந்த மின்னஞ்சல். ஆனாலும் கேட்க வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கணக்காய்வாளரின் அறிக்கையை அவர்கள் இன்னும் ஆண்டறிக்கையோடு இணைக்கவில்லை. செய்தியாளனாக அங்கே இருந்திருந்தால் நானும் முதலில் அந்தப் பணத்தைப் பற்றித்தான் கேட்டிருப்பேன்.

இங்கே குளிர் குறைந்துவிட்டது. உன் அறையில் அடுக்கியிருந்த என் புத்தகப் பெட்டிகளை அம்மா இன்று கீழே இறக்கச் சொன்னாள். ஏனென்று நான் கேட்கவில்லை.

பேரவை வரும் வெள்ளிக்கிழமை கூடுகிறது. விசாரணையின் முடிவு அன்று மாலையே தெரியுமாம். எதுவானாலும் அது வேறு யார் வாயாலும் எங்களுக்கு வர வேண்டாம். நீயே தொலைபேசி எடுத்துச் சொல்.

அப்பா