வெளுத்த கயிறு

மார்ச் 3, செவ்வாய்

இன்று எனக்குத் தலைகுனிவு.

புதிதாகப் பிடித்திருக்கும் வேலை இருபத்திரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம். எங்கள் ஆட்கள் ஐந்து பேர் கயிற்றில் தொங்கியபடி வெளிப்பக்கத்தைத் துடைப்பார்கள். கயிறு, கொக்கி, வாளி எல்லாம் காலையில் எடுத்துக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்கி அடுக்குவது என் பொறுப்பு. பன்னிரண்டு வருடத்தில் ஒரு கொக்கி தொலைந்ததில்லை. என் ஸ்டோரின் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். சும்மாவா எனக்கு ‘பளிச்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்?

அந்தக் கட்டடத்துப் பாதுகாப்பு அதிகாரி எங்கள் கயிறுகளைப் பார்த்து முகம் சுளித்தார். பெயின்ட், சிமென்ட், எண்ணெய்க்கறை. “இத்தன அழுக்கா? எங்க கண்ணாடியத் துடைக்க வந்தீங்களா, பூச வந்தீங்களா?” என்றார். எங்கள் சூப்பர்வைசர் அவரிடம் பல்லைக் காட்டிவிட்டு என்னிடம் கடுகடுத்தார். வெள்ளிக்குள் எல்லாம் வெளுத்திருக்க வேண்டுமாம்.

மார்ச் 4, புதன்

சோப்புக்கு மசியவில்லை. பிரஷ் தேய்ந்ததுதான் மிச்சம்.

குளியலறை டைல்ஸில் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றுவோமே, அது இரண்டு கேன் ஸ்டோரில் கிடக்கிறது. யோசித்தேன். ஆசிட் வருவதே பிளாஸ்டிக் கேனில். ஊற வைக்கும் தொட்டியும் பிளாஸ்டிக். கயிறு நைலான், அதுவும் பிளாஸ்டிக் ஜாதிதானே? மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை ஒன்று என்ன செய்துவிடும்?

இருந்தாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிற ஆள் இல்லை. வாளி தூக்கும் நீலக் கயிற்றில் ஒரு முழம் வெட்டி ஆசிட்டில் போட்டு, மதியம் எடுத்து, காலால் மிதித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பிறகென்ன!

மார்ச் 5, வியாழன்

வெளுத்துவிட்டது! தொட்டித் தண்ணீரில் ஒரு கேன் ஆசிட்டைக் கலந்து, காலையிலிருந்து மூன்று மணி வரை ஊறப்போட்டேன். நான்கு தண்ணீர் அலசினேன். ஒன்பது கயிறும் பால் வெள்ளை. தொட்டால்கூட முன்பைவிட மிருதுவாக இருக்கின்றன.

ஏன் ஒன்பது? மொத்தம் பத்து. ஆளுக்கு இரண்டு: ஒன்றில் தொங்குவார்கள், இன்னொன்று பக்கத்தில் தொளதொளவென்று கிடக்கும், முதல் கயிறு கைவிட்டால் பிடித்துக்கொள்ள. பத்தாவது கயிறு என் மாப்பிள்ளையுடையது. என் தங்கை புருஷன். சுவரில் ஒட்டிக்கொண்டு திரிவதால் சைட்டில் எல்லோருக்கும் அவர் ‘பல்லி’. அவருடைய இரண்டாவது கயிறு அவரே வாங்கியது. கிரீஸும் புகையும் ஏறிக் கறுத்துப்போய்க் கிடக்கிறது.

“குடுங்க மாப்பிள்ளை, ஒரு முக்கு முக்கிக் குடுக்கறேன்” என்றேன்.

“தொங்கற கயிறு கம்பெனியோடது, அத என்ன வேணா பண்ணிக்கங்க மச்சான். இது என்னுது. இதுல எங்க தேய்ஞ்சிருக்கு, எங்க முடிச்சு விழுந்துச்சுன்னு என் விரலுக்குத் தெரியும். தொடாதீங்க.”

“தங்கச்சி எப்படித்தான் உங்ககூட குப்பை கொட்டறாளோ!”

“அவ என்னை ஊற வைக்கறதில்ல மச்சான்.”

எல்லோரும் சிரித்தார்கள். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

மார்ச் 6, வெள்ளி

அதிகாரி கயிறுகளைத் தடவிப் பார்த்து “புதுசா?” என்று கேட்டார். இதைவிட எனக்கு என்ன வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

என் எழுத்து எனக்கே புரியவில்லை.

பதினொரு மணி. நான் கீழே வாளிகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே ‘டப்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. அண்ணாந்தால் பதினெட்டாவது மாடியில் மாப்பிள்ளை தலைகீழாக... கயிறு தனியாக வருகிறது. வெள்ளையாக, அவசரமே இல்லாமல், சுருண்டு சுருண்டு என் காலடியில் வந்து விழுந்தது. மனுஷன் வரவில்லை. ஏன் வரவில்லை? கறுப்புக் கயிறு பிடித்திருந்தது. ஓர் ஆள் உயரம் விழுந்ததும் வெடுக்கென்று நிறுத்திவிட்டது. அவர் போய்க் கண்ணாடியில் மோதினார்.

தண்ணீர் வாளி நிரம்பி என் செருப்பின் மேலெல்லாம் ஓடியது, அதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

கூரையில் இருந்தவர்கள் மெல்ல இறக்கினார்கள். இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. தரையில் கால் வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “மச்சான், குழாயை மூடுங்க.”

மார்ச் 10, செவ்வாய்

சூப்பர்வைசர் முடிவுக்கு வந்துவிட்டார். மொட்டைமாடிச் சுவரின் விளிம்பில் கயிறு உரசாமல் இருக்க ஒரு ரப்பர் பாய் போட வேண்டும், ‘பேடு’ என்போம். பல்லி அதைப் போடவில்லையாம், விளிம்பு அறுத்துவிட்டதாம். மாப்பிள்ளை போட்டேன் என்கிறார். கேட்பவர் யார்? வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையிடம் சொன்னேன்: “உன் புருஷனுக்கு எப்பவும் அலட்சியம்தான். கயித்தக்கூடத் துவைக்க விடாத ஆளு, பேடு எங்க வெச்சிருக்கப் போறாரு?” அவள் அழுதுகொண்டே, “இல்லண்ணா, அவர் அப்படிப்பட்டவர் இல்ல” என்றாள். நான் விடவில்லை. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னேன்.

நாளை மற்ற நால்வரும் வேலையைத் தொடங்குகிறார்கள்.

மார்ச் 11, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

அறுந்த கயிற்றைக் கழிவில் போடச் சொல்லியிருந்தார்கள். சுருட்டினேன். கட்டுவதற்காக அதிலேயே ஒரு முழம் வெட்டி, சுற்றி, முடிச்சை இறுக்க இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. கத்தி பட்டிருக்கும் என்று நினைத்து இன்னொரு முழம் வெட்டி இழுத்தேன். அதுவும். என் கையால்! இரண்டு டன் தாங்கும் என்று சீட்டு ஒட்டி வந்த கயிறு. பிரித்துப் பார்த்தால் உள்ளே இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. விளிம்பு அறுத்தால் ஓர் இடத்தில்தான் அறுக்கும். இது முழுக் கயிறும் செத்துக் கிடந்தது.

அப்போதுதான் தொட்டியைப் பார்த்தேன். மூலையில் கவிழ்த்து வைத்திருந்தேன், கழுவித் துடைத்து, பளிச்சென்று.

அடப்பாவி. என்ன பண்ணித் தொலைச்சேன்?

மணி எட்டு இருபது. மேலே நாலு பேர் கட்டிக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளைக்காவது ஒரு கயிறு நான் தொடாதது. இந்த நாலு பேருக்கும் ரெண்டு கயிறும் நான் ஊற வெச்சது. ரெண்டும்!

போன் எடுத்தேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

“சார், யாரும் கயித்துல ஏற வேணாம்.”

“ஏன்?”

“கயிறு சரியில்ல சார்.”

“அதான் நேத்தே பேசி முடிச்சாச்சே. பல்லி பேடு வைக்கல. கயிறு புதுசாட்டம் இருக்கு, அதிகாரியே சொன்னாரு. போய் வேலையப் பாருங்க.”

போனை வைக்கப் போகிறார். கயிறு பழசு, சீட்டு தப்பு என்று ஏதாவது பொய் கிடைக்குமா என்று ஒரு கணம் மனசு தேடியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தேடியது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“நான்தான் சார். ஆசிட்ல ஊறப்போட்டேன். அத்தனையும். பேடு இல்ல சார், நான்தான்!”

அவர் போனை விலக்கிவிட்டுக் கத்தியது மட்டும் கேட்டது. ஒரு ஆள் ஏற்கெனவே சுவருக்கு வெளியே ஒரு காலைப் போட்டிருந்தாராம்.

ஒரு காலை.

மார்ச் 12, வியாழன்

கயிறு செய்யும் கம்பெனியிலிருந்து பரிசோதிக்கும் அம்மாள் வந்தார். சூப்பர்வைசர், நான், கையில் கட்டோடு மாப்பிள்ளை. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நடந்ததை எல்லாம் சொன்னேன். நீலக் கயிற்றில் சோதித்ததையும் சொன்னேன். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் போலிருக்கிறது, சனியன் பிடித்த பழக்கம்.

அவர் திட்டவில்லை. ஸ்டோரிலிருந்த ஆசிட்டைத் தண்ணீர் கலக்காமல் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றினார். புது நைலான் கயிற்றிலிருந்து கொஞ்சம் இழை உருவி அதில் போட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அது கொழகொழத்து, கலங்கி, இல்லாமல் போனது. டம்ளர் அப்படியே இருந்தது! நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“பிளாஸ்டிக்ங்கறது ஒரே பொருள் இல்லீங்க, அது வீட்டுப்பேரு மாதிரி. உள்ள ஒவ்வொருத்தர் குணமும் வேற. உங்க கேன் பாலித்தீன், நீலக் கயிறு பாலிபுரோப்பிலீன். ரெண்டையும் இந்த ஆசிட் ஒண்ணும் பண்ணாது. நைலான் இழுத்தா கொஞ்சம் நீளும். அதனாலதான் விழற ஆளை முதுகு ஒடியாம பிடிக்குது. பாரத்துக்கு அசையாது. ஆசிட்டுக்கு மட்டும் ஆகாது.”

“அப்ப பாலியஸ்டர்?” என்று மாப்பிள்ளை கேட்டார். அவருக்கு எந்த நேரத்திலும் ஒரு கேள்வி இருக்கும்.

“அது ஆசிட்டை ஓரளவு தாங்கும். காஸ்டிக் சோடா மாதிரி காரத்துல போட்டீங்கன்னா அது கெடும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “இனிமே எதைச் சோதிச்சாலும், அதே பொருள்ல சோதிங்க சார்” என்றார். அவ்வளவுதான். செருப்பால் அடித்திருக்கலாம்.

மாலை தங்கை வீட்டுக்குப் போனேன். நான் போகும் முன்பே மாப்பிள்ளை அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அழுக்குக் கயிறுன்னு சொன்னல்ல? அலட்சியம்னு சொன்னல்ல? அவர் வலியில கிடந்தப்ப வராந்தாவுல நின்னு சொன்ன. துவைச்சது தெரியாம பண்ணின தப்பு, அத விடறேன். இத எங்க விடறது?”

கதவு சாத்தப்பட்டது. நியாயம். தெருமுனை வரை வந்து உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 20, வெள்ளி

ஸ்டோர் சாவியை ஒப்படைத்தேன். இனி நான் தரையில். மேலே ஆள் தொங்கும்போது கீழே தடுப்பு கட்டி, யாரும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணாந்தே நிற்பதில் கழுத்து வலிக்கிறது. குனிய மனம் வரவில்லை.

மாப்பிள்ளை பேரில் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கை சரியானதும் வரலாம்.

ஏப்ரல் 2, வியாழன்

தங்கை பேசவில்லை. போன் அடித்தால் மாப்பிள்ளை எடுக்கிறார், “அவ குளிக்கறா மச்சான்” என்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் குளிப்பாள்?

ஏப்ரல் 13, திங்கள்

மாப்பிள்ளை கட்டுப் பிரித்து வேலைக்கு வந்தார். எனக்கு எதிரே நின்று என் தோளில் அவருடைய நல்ல கையை வைத்து எடுத்தார். நான் உளறிக் கொட்டினேன்.

கறுப்புக் கயிற்றை இனிப் பயன்படுத்தக் கூடாதாம். விழுந்த ஆளை ஒரு தடவை பிடித்த கயிறு அதோடு ஓய்வு. உள்ளே எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. கழிவில் போட அவருக்கு மனசில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

ஏப்ரல் 25, சனி

மதியம் போன். தங்கை எண். மாப்பிள்ளைதான் என்று நினைத்து, “சொல்லுங்க மாப்பிள்ளை” என்றேன்.

“நான்தான்.”

அவள் குரலைக் கேட்டு நாற்பத்து நான்கு நாள்.

“உன் மாப்பிள்ளை அந்தக் கயித்தக் கொண்டாந்து பின்னாடி துணிக்கொடியாக் கட்டி வெச்சிருக்கார். அவுக்கவும் விடமாட்டேங்கறார். போடற துணியெல்லாம் கறையாகுது. பாப்பாவோட வெள்ளை யூனிஃபார்ம் போச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அந்தக் கயித்த எதால துவைக்கலாம்?”

பின்னால் மாப்பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

“சோப்பு. வெறும் சோப்பும் பச்சத்தண்ணியும். வேற எதுவும் வேணாம்.”

“நல்லாத் தெரியுமா?”

“அந்தப் பரிசோதிக்கற அம்மாகிட்டயே கேட்டு வெச்சிருக்கேன்.”

“அப்ப நாளைக்கு வந்து நீயே துவைச்சுக் குடு. சாப்பிடாம வா, இங்க சாப்பிட்டுக்கலாம்.”

வைத்துவிட்டாள்.

போனில் கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ள, அந்த அம்மாளை இன்னொரு தடவை கூப்பிட்டேன். சோப்பு போதும் என்றார். ஒரு கட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.